வீட்டு இலக்கங்களும் ஒரு திருத்தமும்



சென்ற மாதம் எமது வானொலியில் ஒற்றை எண்களைப் பற்றி நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். காரில் போகும்போது கேட்டதால் எண்கள் மனதில் நிற்கவில்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு. நியாயம்தான். கணக்கைக் காதால் மட்டும் கேட்பது கடினம், பேனாவும் கடதாசியும் வேண்டும்.

ஆனால் அந்த உரையை அப்படியே எழுதித் தர என்னால் முடியாது. அதில் ஒரு பிழை இருந்தது. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக நான் நம்பிக்கொண்டிருந்த பிழை அது. அதைத் திருத்தியவர் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவர். ஆகவே இந்த மாதம் உரையும் திருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

ஒற்றைப் பக்கத்து வீடுகள்

1986ஆம் ஆண்டு மாரி காலத்தில் நான் வட ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்தில் அகதிகள் தங்குமிடம் ஒன்றில் இருந்தேன். நாங்கள் ஹைம் என்று சொல்லுவோம், உங்களில் பலருக்கு அந்தச் சொல் போதும். வேலை செய்ய அனுமதி இல்லை. பாஷை தெரியாது. விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்றும் தெரியாது. பொழுது போவதற்கு ஒரே வழி நடப்பதுதான்.

இந்த நாட்டுத் தெருக்களில் ஒரு பக்கம் ஒற்றை இலக்க வீடுகள், மறு பக்கம் இரட்டை இலக்க வீடுகள் இருக்கும். ஊரில் நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் ஹைம் ஒற்றைப் பக்கத்தில் இருந்தது. தெருமுனையில் இருந்து நடந்தால் 1, 3, 5, 7, 9, 11, பிறகு எங்களுடைய 13. ஏழாவது வீடு. ஒவ்வொரு நாளும் அந்த இலக்கங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு நாள் அவற்றை இடைவெளி விடாமல் ஒரே எண்ணாகக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன்:

1
13
135
1357
13579
1357911
135791113

ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்போது அதன் இலக்கத்தை எண்ணின் வாலில் ஒட்டிவிட வேண்டும். இதில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை, ஒட்டுவது மட்டுமே. எட்டாவது 13579111315. ஒன்பதாவது 1357911131517. பத்தாவது 135791113151719. இப்படியே முடிவில்லாமல் போகலாம். இதுதான் நான் வானொலியில் சொன்ன எண் தொடர்.

ஊரில் சாதாரண தரம் வரை படித்த கணக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. ஆகவே இந்த எண்களில் எவை முதன்மை எண்கள் என்ற கேள்வி வந்தது. தன்னாலும் ஒன்றாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் எண் முதன்மை எண். தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். இங்கே உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் பிறீம்ட்சால் என்று படிப்பது இதைத்தான். 7 முதன்மை எண், 9 அல்ல, ஏனெனில் அது 3 தர 3.

வகுக்காமலே கழிக்கக்கூடியவை

எங்கள் தொடரில் 1 முதன்மை எண்ணாகக் கொள்ளப்படுவதில்லை. 13 முதன்மை எண். 135 அல்ல, அது 5இல் முடிகிறது. 5, 15, 25, 35 என்று ஒட்டும் இடமெல்லாம் எண் 5ஆல் வகுபட்டுவிடும். அவை தொடரில் 3ஆவது, 8ஆவது, 13ஆவது, 18ஆவது இடங்கள்.

மூன்றின் கதை இதைவிட அழகானது. ஓர் எண் 9ஆல் அல்லது 3ஆல் வகுபடுமா என்று பார்க்க அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போம் அல்லவா? அதற்குக் காரணம், 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. 100ஐ வகுத்தாலும் மீதி 1, 1000க்கும் அப்படியே. ஆகவே 9ஐப் பொறுத்தவரை ஒட்டுவதும் ஒன்றுதான், கூட்டுவதும் ஒன்றுதான். 13579 உடன் 11ஐ ஒட்டினால் 1357911. 1, 3, 5, 7, 9, 11 ஆகியவற்றைக் கூட்டினால் 36. இரண்டையும் 9ஆல் வகுத்தால் ஒரே மீதி வரும், இங்கே அது பூச்சியம்.

இனி ஒற்றை எண்களைக் கூட்டினால் என்ன வரும் என்று பாருங்கள். 1 + 3 = 4. 1 + 3 + 5 = 9. 1 + 3 + 5 + 7 = 16. எப்போதும் வர்க்க எண்தான். இரண்டு எண்களைக் கூட்டினால் 2 தர 2, மூன்றைக் கூட்டினால் 3 தர 3. சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் புளியங்கொட்டை வைத்தே காட்டலாம். ஒரு கொட்டை வையுங்கள். அதைச் சுற்றி ஒரு மூலையாக 3 கொட்டை வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி இன்னும் 5 வைத்தால் மூன்றுக்கு மூன்று.

ஆகவே எங்கள் தொடரில் 3ஆவது, 6ஆவது, 9ஆவது, 12ஆவது என்று மூன்றின் மடங்காக வரும் இடங்களில் உள்ள எண்களெல்லாம் 9ஆல் வகுபடும். எண் எத்தனை ஆயிரம் இலக்கம் நீளமானாலும் அதைப் பார்க்காமலே, அதன் இடத்தை மட்டும் பார்த்துக் கழித்துவிடலாம். 5ஆல் கழிபவற்றையும் சேர்த்தால், ஒவ்வொரு 15 எண்களிலும் 7 கழிந்துவிடும், 8 மிஞ்சும். மிஞ்சுவதைத்தான் உண்மையாகச் சோதிக்க வேண்டும்.

நான்காவதான 1357ஐ எடுப்போம். காரணி தேட எதுவரை போக வேண்டும்? வர்க்கமூலம் வரை போனால் போதும். ஏனெனில் ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 1357இன் வர்க்கமூலம் 36க்கும் 37க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே 31 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 23இல் பிடிபடும்: 23 தர 59. ஐந்தாவதான 13579 பன்னிரண்டாவது முதன்மை எண்ணான 37இல் பிடிபடும்: 37 தர 367. ஆறாவது 9ஆல் போய்விட்டது.

எங்கள் வீட்டு எண்

ஏழாவது எண் 135791113. எங்கள் ஹைம் வரையான எண். 5இல் முடியவில்லை. ஏழு மூன்றின் மடங்கும் அல்ல. 7, 11, 13, 17, 19 என்று வகுத்துப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை.

என்னுடன் அறையில் இருந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், நெடுங்கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். "என்ன தம்பி எழுதுறீர்?" என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அது இருவருடைய வேலையாகிவிட்டது.

எங்களிடம் கல்குலேட்டர் இல்லை. முதலில் 1 முதல் 1000 வரை எழுதி, 2இன் மடங்குகளை வெட்டி, 3இன் மடங்குகளை வெட்டி, அப்படியே போய் முதன்மை எண்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். 1000க்குள் 168 முதன்மை எண்கள் உள்ளன. 500 வரையுள்ள 95ஐ அண்ணை எடுத்தார். மிச்சம் 73ஐ நான் எடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே மேசையில் எதிர் எதிரே இருந்து வகுப்போம். பல இரவுகள் போயின. ஒன்றாலும் வகுபடவில்லை.

எதுவரை போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். 135791113இன் வர்க்கமூலம் 11,652ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள முதன்மை எண்கள் ஏறத்தாழ 1400. நாங்கள் பார்த்தது அதில் எட்டில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அண்ணைக்கு வேறு நகரத்துக்கு மாற்றக் கடிதம் வந்தது. போவதற்கு முதல் நாள் இரவு, "இவ்வளவு வகுத்தும் பிரியேல்லை, இனிப் பிரியாது" என்று இருவரும் முடிவு கட்டினோம். கொப்பியில் அந்த எண்ணுக்குக் கீழே "முதன்மை" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் உரைக்கு ஆயத்தம் செய்யும்போது அதைத் திறந்து பார்த்தேன். கோட்டைப் பார்த்தேன், திரும்பச் சரி பார்க்கவில்லை. "135791113 ஒரு முதன்மை எண்" என்று வானொலியில் சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் வந்த திருத்தம்

மறு வாரம் நேயர் நேரத்தில் ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, என்ரை பேத்தி ஏதோ சொல்லோணுமாம். தமிழிலை சொல்ல வெக்கப்படுறாள். நீங்கள் ஒண்டும் நினையாதேங்கோ" என்று சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்தார்.

"மாமா, நீங்கள் சொன்ன நம்பர் பிறீம்ட்சால் இல்லை. அது 11617 தர 11689."

நான் ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு கணம் பேசாமல் இருந்தேன். பிறகு, "எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்? 1400 எண்ணாலும் வகுத்தனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. ஒரு தரம்தான் செய்தனான்."

அவர் செய்தது இதுதான். கல்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தார். 11652.94 என்று வந்தது. 11653க்கு மிகக் கிட்ட இருக்கிறதே என்று, 11653இன் வர்க்கத்தை எடுத்தார்: 135792409. அதிலிருந்து எங்கள் எண்ணைக் கழித்தார். மீதி 1296. 1296 என்பது 36இன் வர்க்கம்.

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. எங்கள் எண் 11653இன் வர்க்கத்திலிருந்து 36இன் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை நாங்கள் ஊரில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படித்தோம்: இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் அது வரும். இங்கே பிள்ளைகள் அதையே மூன்றாவது பினோமிய சூத்திரம் என்று படிக்கிறார்கள். 11653இலிருந்து 36ஐக் கழித்தால் 11617. 36ஐக் கூட்டினால் 11689. எண் பிரிந்துவிட்டது. இந்த இரண்டும் முதன்மை எண்கள், ஆகவே இதற்கு மேல் பிரியாது.

இந்த வழியை 1643ஆம் ஆண்டளவில் எழுதி வைத்தவர் பிரான்ஸில் துலூஸ் நகரில் சட்டத்துறையில் இருந்த பியெர் த பெர்மா. கணக்கு அவருக்கு ஓய்வு நேர வேலை. 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை அவர் இந்த முறையால் 44021 தர 46061 என்று பிரித்துக் காட்டினார். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி, கழித்த மீதி ஒரு வர்க்க எண்ணாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு படி எடுத்தது. எங்கள் வீட்டு எண்ணுக்கு முதல் படியிலேயே விடை இருந்தது.

இது எல்லா எண்ணுக்கும் சுகமான வழி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால்தான் விரைவாகக் கிடைக்கும். 13579க்கு இதைச் செய்தால் 86 படி ஏற வேண்டும், வகுத்துப் போனால் பன்னிரண்டாவதிலேயே கிடைத்துவிடும். எங்கள் வீட்டு எண்ணோ நேர்மாறு. வகுத்துப் போகிறவனுக்குக் கடைசி வரை கையில் அகப்படாது. நானும் அண்ணையும் 11,000 வரை வகுத்திருந்தாலும் அது முதன்மை என்றுதான் நினைத்திருப்போம்.

என் பிழை கணக்கில் இல்லை, வகுத்த வகுத்தல்கள் எல்லாம் சரி. காணவில்லை என்பதை இல்லை என்று எழுதியதுதான் பிழை. தேடினோம், அகப்படவில்லை என்பதற்கும் இல்லவே இல்லை என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எங்கள் வீடுகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கொப்பியில் கோடு போட்டபோது நான் அதை மறந்துவிட்டேன்.

வகுக்காமலே சோதிப்பது

அப்படியானால் உண்மையான முதன்மை எண்கள் தொடரில் எங்கே? 13க்குப் பிறகு பத்தாவது எண்தான் அடுத்தது: 135791113151719. இதன் வர்க்கமூலம் ஒரு கோடியே 16 லட்சத்தைத் தாண்டும். வகுத்து நிறுவுவதென்றால் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். கணினிக்கு இது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகு 31இல் முடியும் 16ஆவது எண், 67இல் முடியும் 34ஆவது எண், 97இல் முடியும் 49ஆவது எண். கடைசியாகச் சொன்னது 93 இலக்கம் கொண்டது. அதை உலகத்தில் எந்தக் கணினியாலும் வகுத்து வகுத்து நிறுவ முடியாது.

இதற்கும் வழி காட்டியவர் அதே பெர்மாதான். 1640இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் சொன்ன விதி இது: ஒரு முதன்மை எண்ணை எடுத்து, அத்தனை தடவை 2ஐப் பெருக்கி, விடையிலிருந்து 2ஐக் கழித்தால் அது அந்த முதன்மை எண்ணால் மீதியின்றி வகுபடும். 7ஐ எடுங்கள். ஏழு 2களைப் பெருக்கினால் 128. 2ஐக் கழித்தால் 126. அது 7 தர 18. சரி. இப்போது 9ஐ எடுங்கள். ஒன்பது 2களைப் பெருக்கினால் 512. 2ஐக் கழித்தால் 510. 9ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே 9 முதன்மை எண் அல்ல. கவனியுங்கள், 9இன் காரணி எது என்று நாங்கள் தேடவே இல்லை. காரணியைக் காணாமலே, இது பிரியும் என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டோம்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறிய எல்லாம் முதன்மை என்று சொல்ல முடியாது. 341 என்ற எண் 2ஐ வைத்துக் கேட்டால் முதன்மை எண்ணைப் போலவே பதில் சொல்லும். உண்மையில் அது 11 தர 31. 3ஐ வைத்துக் கேட்டால் பிடிபட்டுவிடும். ஆகவே பல எண்களை வைத்துக் கேட்பார்கள், கேள்வியையும் கடுமையாக்குவார்கள். 1976இல் கேரி மில்லரும் 1980இல் மைக்கேல் ரபினும் கொண்டுவந்த சோதனை இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளது. பிறகு 2002 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் புதிய வழி ஒன்றைக் கண்டார்கள். எந்த எண்ணையும், ஊகம் எதுவும் இல்லாமல், இலக்கங்களின் நீளம் கூடும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகிவிடாத விதத்தில், முதன்மையா இல்லையா என்று முடிவாகச் சொல்லும் வழி அது. அத்தனை நூற்றாண்டாகப் பெரியவர்கள் தேடியது அது.

எங்கள் தொடருக்குத் திரும்புவோம். 49ஆவது எண்ணுக்குப் பிறகு நீண்ட வெறுமை. 100இல் இல்லை, 1000இல் இல்லை, 2000இல் இல்லை. 1998 ஆகஸ்டில் அமெரிக்கரான எரிக் வைஸ்டைன் 2570ஆவது எண் சோதனையில் தேறுவதைக் கண்டார். அது 5139இல் முடிகிறது. அதன் நீளம் 9725 இலக்கம். பிள்ளைகள் இந்த நீளத்தைத் தாங்களே சரி பார்க்கலாம்: ஓர் இலக்க ஒற்றை எண்கள் 5, ஈரிலக்கம் 45, மூவிலக்கம் 450, நான்கிலக்கம் 5139 வரை 2070.

ஏன் இவ்வளவு அருமையாக வருகின்றன? எண்கள் பெருக்கப் பெருக்க முதன்மை எண்கள் ஐதாகும். பதினைந்து இலக்க அளவில், எங்கள் பத்தாவது எண்ணின் அயலில், ஏறத்தாழ 33 எண்களுக்கு ஒன்று முதன்மை. 9725 இலக்க அளவில் ஏறத்தாழ 22,400க்கு ஒன்றுதான். ஆயினும் தொடர் முடிவதில்லை. இதில் முதன்மை எண்கள் முடிவில்லாமல் வருமா, எங்கேயாவது நின்றுவிடுமா என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை.

தொடரின் உறவினர்

இப்படி ஒட்டி ஒட்டி எண் செய்வதைப் பரப்பியவர் புளோரன்டின் ஸ்மரண்டாகே என்பவர். ருமேனியாவில் 1954இல் பிறந்தவர். 1988இல், சௌசெஸ்குவின் ஆட்சிக் காலத்தில், நாட்டைவிட்டு வெளியேறித் துருக்கியில் அகதி முகாமில் இருந்து, 1990இல் அமெரிக்கா போனார். பின்னர் நியூ மெக்சிகோவில் பல்கலைக்கழக ஆசிரியரானார். இதை நான் அண்மையில்தான் அறிந்தேன். முகாம்களில் இருந்துகொண்டு எண்களை ஒட்டிப் பார்த்தவர்கள் நானும் அண்ணையும் மட்டுமல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

1, 12, 123, 1234 என்று எல்லா எண்களையும் ஒட்டும் தொடரும் அவருடைய பெயரில் உள்ளது. மூன்று லட்சம் உறுப்புகளுக்கு மேல் சோதித்தும் அதில் ஒரு முதன்மை எண்ணும் அகப்படவில்லை. ஆனால் இல்லை என்று யாரும் எழுதவில்லை, எங்கேயோ இருக்கும் என்றே எதிர்பார்க்கிறார்கள். என்னைவிடக் கவனமானவர்கள்! முதன்மை எண்களையே ஒட்டினால் 2, 23, 235, 2357 என்று வரும். 2, 23, 2357 மூன்றும் முதன்மை. அதற்கு அடுத்தது 719 வரை ஒட்டிய 355 இலக்க எண்.

இப்படியான தொடர்களுக்கு ஒரு பெரிய பதிவேடே உண்டு. நீல் ஸ்லோன் என்ற கணிதர் 1964இல் சிறு அட்டைகளில் எழுதத் தொடங்கினார். 1973இல் 2372 தொடர்களுடன் புத்தகமாக்கினார். 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் அதில் உள்ளன. எங்கள் வீட்டு இலக்கத் தொடரும் ஒன்று.

இதால் என்ன பிரயோசனம்?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. நீங்கள் இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது இரகசியத்தைக் காக்கும் பூட்டுகளில் ஒன்று 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் மூவரும் செய்தது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் வெளியே சொல்லுவார்கள். இன்று அந்த விடை வழக்கமாக 617 இலக்கம் நீளமானது. அதைப் பிரிக்க முடியாது என்பதில்தான் பூட்டு நிற்கிறது.

ஆனால் இரண்டு முதன்மை எண்களையும் கிட்டக் கிட்ட எடுத்துவிட்டால்? 2022இல் ஹன்னோ பொக் என்ற ஜேர்மனியர் சில அச்சு இயந்திரங்கள் அப்படித்தான் பூட்டுச் செய்திருந்தன என்று கண்டார். அந்த நீண்ட எண்களை அவர் பெர்மாவின் பழைய வழியாலேயே பிரித்தார். எங்கள் நேயர் அம்மாவின் பேத்தி ஒரு கல்குலேட்டரை வைத்துச் செய்த அதே வேலை.

கடைசியாக

அண்ணை இப்போது மொன்றியலில் இருக்கிறார். விஷயத்தை அவருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, எங்கடை வீட்டு நம்பர் பிரிஞ்சு போச்சு."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "எதாலை?" என்றார்.

"11617ஆலை."

"நாங்கள் எவ்வளவு மட்டும் பாத்தனாங்கள்?"

"ஆயிரம் மட்டும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அப்ப இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் கிடந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். "அந்தக் கடிதம் வராட்டி நான் செய்து முடிச்சிருப்பன் தம்பி." பிறகு கேட்டார்: "அது ஆற்றை பிள்ளை?"

கொப்பியில் "முதன்மை" என்ற சொல்லை நான் அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் சிவப்பு மையால் 11617 தர 11689 என்று எழுதித் திகதியும் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 1357ஐ அந்தத் தங்கச்சியின் வழியில் பிரித்துப் பாருங்கள். 37இல் தொடங்குங்கள், ஐந்தாவது படியில் அகப்படும். முடித்தவர்கள் நேயர் நேரத்தில் அழையுங்கள். தமிழ் தடக்கினாலும் பரவாயில்லை, எண் சரியாக இருந்தால் போதும். நான் சொன்னதில் பிழை இருந்தால் கட்டாயம் அழையுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.